கால் இல்லாத வெள்ளைக்காரன்

இந்தக் காலத்தில் எவன் வாயால் பேசி ஒரு காரியத்தை முடிக்கிறான்? நாம் வாயைத் திறக்கும் முன்பே தாளை நீட்டி, கை வை என்கிறான். ஆடி மாதம் கொளஞ்சியப்பன் அப்படித்தான் ஒரு தாளில் இடது பெருவிரலை வைத்தார், வகையாக மாட்டிக்கொண்டார்.

வடக்கனந்தலுக்கு மேற்கே அவருக்கு ஒன்றரைக் காணி நிலம். மரவள்ளி போட ஆழ உழுதபோது, டிராக்டர் கலப்பையில் இடறி ஒரு பளிங்குச் சிலை வெளியே வந்தது. யாரோ வெள்ளைக்காரன், தலையும் மார்பும் மட்டும். பார்க்க வந்த அதிகாரி, ‘உடைந்த சிலை, மீதி உடம்பு நிலத்துக்குள் இருக்கலாம்’ என்று எழுதினார். தேடி முடிக்கும்வரை உழக் கூடாது. எதுவும் களவு போகாமல் காப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. அதற்குத்தான் அந்தக் கைநாட்டு.

நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டுவிட்டு, சிலையைக் கள்ளக்குறிச்சி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். தேடத்தான் ஆள் வரவில்லை. புரட்டாசியும் பாதி போய்விட்டது. சின்னசேலத்தில் மகள் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட அவர் போகவில்லை. இன்று அருங்காட்சியகத்திலிருந்தே கூப்பிட்டதால், மனைவி செவ்வந்தியை வரப்பில் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

“இது மார்பளவுச் சிலைங்க ஐயா,” என்றார் காப்பாட்சியர் கலையரசி. “செஞ்சதே இவ்ளோதான். மீதி ஒடம்புன்னு ஒண்ணு கெடையாது.”

கொளஞ்சியப்பன் சிலையைச் சுற்றி வந்தார். வெற்றுத் தோளில் ஒரு துணி மடிப்பு. கீழே உருண்டைப் பீடம். உரித்த முட்டை போல, கருவிழி இல்லாத கண்கள்.

“கண்ணே தொறக்கலியேம்மா! பாதி வேலையில வுட்டுட்டுப் போயிருக்கான்.”

“பழைய ரோமாபுரிச் சிலை மாதிரி இருக்கணும்னு அப்படி வுட்டதுங்க. நம்ம ரவுண்டானாவுல தலைவர் சிலை மார்போட நிக்கிது, அதுக்குக் காலத் தேடிக்கினா இருக்கோம்?”

“அது வசூல் பத்தல, நிறுத்திட்டானுங்க. இவன் வெள்ளக்காரன். கவர்மெண்டே அவனுது. அவனுக்குமா பத்தாம பூடுச்சி?”

கலையரசி சிரித்தபடி ஒரு தாளை நகர்த்தினார். “சிலை முழுசுன்னு நான் எழுதிட்டேன். வேற துண்டு எதுவும் நெலத்துல இல்லன்னு நீங்க ஒரு கை வெச்சாப் போதும். நாளைக்கே குச்சியப் புடுங்கிடுவாங்க. மழைக்கு முன்னாடி நட்டுடலாம்.”

நட்டுடலாம். இரண்டு மாதமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் அலைந்தார். மரவள்ளிக் குச்சிகள் கொட்டகையில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. பெருவிரல் மை டப்பா வரைக்கும் போயிற்று.

“நாளைக்கு ஓட்டறப்ப ஒரு காலு தட்டுப்பட்டா?”

“தட்டுப்படாதுங்க.”

“தட்டுப்பட்டா இன்னா செய்றது?”

“எங்களுக்குச் சொல்லுங்க.”

“இல்லன்னு கை வெச்சவனே இருக்குன்னு வந்து சொல்றதா? மறைச்சி வெச்சான்னு என்னத்தான உள்ள தள்ளுவீங்க?”

“அப்ப நெலம் சும்மாவே கெடக்கட்டுமா?”

“கெடக்கட்டும். நெலம் ஜெயிலுக்குப் போவாது.”

மை படாத விரலை மடக்கிக்கொண்டு கொளஞ்சியப்பன் வெளியே வந்தார். கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் ஒரு முறை திரும்பி, அந்த வெள்ளைக் கண்களை முறைத்தார்.

“இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம ஒரு ஆளாம். அத நான் நம்பணுமாம்,” என்று முனகியபடி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.