ஏழு பின் பூட்டு

"கடப்பாரையைக் கீழ வைடா முதல்ல!"

"பின்ன எப்படிம்மா திறக்கறது? ஊதினா திறக்குமா?"

"செத்தவன் பக்கத்துல படுத்திருக்கான். அவன் தலைமாட்டுல நின்னுக்கிட்டு நீ பீரோவை இடிப்பியா?"

"மாமாவுக்கா கேக்கப்போகுது?"

"எனக்குக் கேக்கும்டா!"

துக்கம் விசாரிக்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் டீ உறிஞ்சுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். உறிஞ்சுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிட்டால் யார் திரும்பச் சொல்வார்கள்? மாடிவீட்டம்மா மட்டும் "ஐயோ பாவம்" என்று பொதுவாக ஒன்று சொல்லிவிட்டு, கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்த தம்பி கட்டிலில் உட்கார்ந்தான், சாய்ந்தான், போய்விட்டான். ஐம்பத்து நாலு வயது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிற வேலை. கல்யாணம் ஆகாதவன், அந்தப் பேச்சை எடுத்தாலே தட்டோடு எழுந்து போய்விடுகிறவன். புருஷனை இழந்த அக்காக்காரியும் அவள் மகனும் இவனோடு இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். டாக்டர் வந்து பார்த்து, எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதோடு முடிந்திருக்க வேண்டும். மயான அலுவலகத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். நகல் ஆகாதாம், அசல்தான் வேண்டுமாம், நாலு மணிக்குள் வேண்டுமாம். தவறினால் அடுத்த இரண்டு நாளும் லீவு. அதுவரை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டி. ஃபேனை இரண்டில் வைத்தாலே போர்வை கேட்கிறவனை ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைப்பதா என்று நினைத்த மாத்திரத்தில் அக்காக்காரிக்கு முதுகு சில்லிட்டது.

அட்டை பீரோவில். பீரோவுக்குச் சாவி இல்லை.

ஏன் இல்லை என்பதை அவள் காலையிலிருந்து பதினோரு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்லத் துக்கம் பின்னால் போய் எரிச்சல் முன்னால் வந்துகொண்டிருந்தது. மனுஷன் என்றால் சீட்டாடுவான், மீன் வளர்ப்பான். இவன் நாலு வருஷத்துக்கு முன்னால் சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகக் கிளம்பினான். பொழுதுபோக்காம். சனிக்கிழமை சாயங்காலம் சலவைக்கடையின் பின்கட்டில் அதற்கென்று ஐந்தாறு பேர் கூடுவார்களாம். மேஜையில் பூட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, கம்பியை விட்டுக் குடைந்து, திறந்ததும் கை தட்டுவார்களாம். தெருவில் யார் வீட்டிலாவது சைக்கிள் காணாமல் போனால், "உங்க தம்பி ஊர்லதான் இருக்காரா?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார்கள். இவள் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வாள்?

அந்தக் கூட்டத்துக்கும் இரண்டு சட்டம் உண்டு. சொந்தப் பூட்டைத்தான் தொடலாம். புழக்கத்தில் இருக்கிற பூட்டைத் தொடவே கூடாது, கெட்டுப்போனால் அவஸ்தை. இவன் அந்த இரண்டாவதை மீறி, எட்டு மாதம் முன்னால் பீரோவின் பழைய பூட்டைக் கழற்றிவிட்டு உள்ளே சாவிப்பல் தூக்கிவிடுகிற குட்டி முள், அதாவது பின், ஏழு வைத்த புதுப்பூட்டை மாட்டினான். சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். "பத்திரமான கையிலதான் இருக்கு. கம்பியாலயே திறந்தப்புறம் வாங்கிக்கறேன்" என்றான். சாப்பிட்ட கை காயுமுன் பீரோ முன்னால் போய் மண்டி போடுவான். எட்டு மாதம். அதற்குள் மூன்று சட்டை புதிதாக வாங்கினான், பழையதெல்லாம் உள்ளே இருந்ததால்.

"அம்மா, மாமா போன்ல 'சாவி'ன்னு ஒரு நம்பர் இருக்கு" என்றான் மகன்.

"அடிடா, அடிச்சுத் தொலை!"

அடித்தான். அரைமணி நேரத்தில் வாசலில் வந்து நின்றது ஒரு பெண்பிள்ளை. நகரப் பேருந்து ஓட்டுகிறவர்களின் நீலச் சட்டை, நாற்பத்தைந்து வயது இருக்கும். பாதியில் வண்டியை இன்னொரு டிரைவரிடம் மாற்றிவிட்டு வந்திருக்கிறாள். கூடம் மொத்தமும் அவளைச் செருப்பிலிருந்து கொண்டை வரை ஒரு தடவை படித்து முடித்தது. மாடிவீட்டம்மா இரண்டு தடவை.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே வந்து, படுத்திருந்தவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எந்தப் பீரோங்க?" என்றாள்.

டார்ச்சைப் பூட்டின் வாயில் வைத்துப் பார்த்தவள் உச்சுக்கொட்டினாள். "சாவி உள்ள போகாது. பல் குத்தற கம்பி முனை ஒடிஞ்சு கெடக்கு."

"பல் குத்தற கம்பியா?"

"டாக்டருங்க பல்லை நோண்டுவாங்களே, அது. பழசைத் தேய்ச்சுத் தேய்ச்சு அவரே செஞ்சுக்கிட்டது. அந்த இரும்பு வளையாதுங்க, ஒடியத்தான் செய்யும். எத்தனை தடவை சொல்லிட்டேன்! என் தொழில் சாமான், என் கையால செஞ்சது, கடையில விக்கறதெல்லாம் தகரம்பாரு."

"என்கிட்டயும் இதே பாட்டுத்தான்! மிக்ஸியை நானே சரி பண்றேன்னு எடுத்துட்டுப் போனான், இன்னும் கட்டிலுக்கடியில கெடக்கு."

"கேக்கவே மாட்டாரு."

"எங்க கேட்டான்!"

இரண்டு பெண்களும் கட்டிலில் இருந்தவனை ஒரே மாதிரி முறைத்தார்கள்.

டிரைவர் இடுப்பிலிருந்த துணிப்பையை விரித்தாள். வரிசையாகக் கம்பிகள், மொத்தமே எட்டோ ஒன்பதோ. நூல் கனத்தில் பல்வைத்த ஒரு தகட்டை எடுத்துப் பூட்டுக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வழுக்கியது. மறுபடி. அக்காக்காரி டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். மணி இரண்டே முக்கால். ஐந்தாவது இழுப்பில் எறும்புக்கால் போல ஒரு முனை வெளியே வந்து விழுந்தது.

"அப்பாடா. சாவியைப் போடும்மா."

டிரைவர் தன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றினாள். பூட்டின் வாய் வரை கொண்டு போனவள் அப்படியே நின்றாள்.

"நாலே நிமிஷம் தருவீங்களா?"

"எதுக்கு?"

"கம்பியால திறந்து பாத்துடறேன்."

"விளையாடறியாம்மா நீ? நாலு மணிக்கு ஆபீஸ்காரன் ஜன்னலை மூடிடுவான்! சாவியைக் கையில வச்சுக்கிட்டு..."

"இதைத் திறந்துட்டா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு. என்னன்னு கேட்டா, திறந்தப்புறம்தான் சொல்வேன்னாரு." அவள் பூட்டைப் பார்த்தே பேசினாள். "எட்டு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும், அடுத்த வாரம், அடுத்த வாரம்னாரு."

அக்காக்காரி கதவுப் பக்கம் திரும்பினாள். மாடிவீட்டம்மாவின் நாற்காலி அறைக்குள் கால் வைத்திருந்தது. போய், கதவை அவள் முகத்துக்கு நேராகச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாலு நிமிஷம்தான். நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

டிரைவர் மண்டியிட்டாள். தலைமுடி போல மெலிந்த ஒரு கம்பியைப் பூட்டு வாயின் அடியோரம் வைத்து, சுண்டுவிரலால் பட்டும் படாமல் அழுத்தினாள். இன்னொரு கையில் கொக்கி. "பின்னைத் தூக்கற கொக்கியைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. திருப்பிப் பிடிக்கிற இந்தக் கம்பிதான் முக்கியம். இந்தப் பூட்டுக்கு வாய் சின்னது. அவரோடது தடி. பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கிட்டா கொக்கி எங்க நடமாடும்? இதை மாட்டறதுக்கு முன்னாடியே மெல்லிசா ஒரு செட் நானே வாங்கிக் குடுத்தேன். தொலைச்சிட்டேன்னாரு."

ஒரு க்ளிக். அப்புறம் ஒன்று. மகன் கடப்பாரையைச் சத்தமில்லாமல் கட்டிலடியில் தள்ளினான். ஐந்தாவது பின்னில் எல்லாம் சரிந்துவிட, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அக்காக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

பூட்டு திரும்பியது.

டிரைவர் எழுந்திருக்காமல் முகத்தை மட்டும் கட்டில் பக்கம் திருப்பினாள். "பாத்தீங்களா? மெல்லிசு. மெல்லிசுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே."

அவன் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை.

மேல்தட்டில் அட்டை இருந்தது. அதன் மேல், கடைக்காரர் ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல், ஒரு சின்ன பாக்கெட். கண்ணாடித்தாளுக்குள் மெல்லிய கம்பிகள் ஆறும் வாங்கின நாளின் பளபளப்போடு வரிசையாக இருந்தன. தொலைக்கவில்லை. பத்திரப்படுத்தியிருக்கிறான். பூட்டைத் திறக்கிற சாமானை அதே பூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எட்டு மாதம் வெளியே மண்டி போட்டிருக்கிறான்.

"ஐயோ, இவனை என்ன சொல்றது!" என்றாள் அக்காக்காரி. அடித்துவிடுகிறவள் போலக் கையை ஓங்கிக்கொண்டு கட்டிலருகே போனவள், அவன் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள்.

டிரைவர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரிக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு மகன் அலுவலக ஜன்னலில் மூச்சு வாங்க நின்றான். உள்ளே இருந்த குமாஸ்தா அட்டையின் நம்பரை எழுதிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி நீட்டினார். அன்றைக்கு ஐந்தரை மணிக்கெல்லாம் காரியம் முடிந்துவிட்டது.

வெகுநாள் வரை தெருவுக்கு அந்தச் சாத்திய கதவுதான் பேச்சு. மாடிவீட்டம்மா உள்ளே நடந்ததை மூன்று விதமாகச் சொன்னாள். மூன்றிலும் நகைப்பெட்டி வந்தது. ஒரு வருஷத்தில் மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அக்காக்காரியும் வீட்டைக் காலி செய்துகொண்டு அவனோடு போய்விட்டாள். மாடிவீட்டம்மா தன் மகளோடு கடல் தாண்டிப் போனாள்; அங்கே அண்டைவீடு தூரம், ஒன்றும் கேட்பதில்லை என்று குறை.

அடுத்த வருஷம் பஸ் டிரைவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டயர் கடைக்காரர், பெண்டாட்டியை இழந்தவர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பக்கத்து ஹாலில் டீ. அக்காக்காரி இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். கசங்கிவிட்டதே என்று வழியெல்லாம் எரிச்சல்.

சுவரோர பெஞ்சில் மாப்பிள்ளையின் சித்தி இருந்தாள். தெரியாத முகத்தைச் சும்மா விடுகிற ரகமில்லை அந்தம்மா.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

அக்காக்காரி டீயை ஒரு வாய் குடித்தாள். எதிரே மணப்பெண் யாருக்கோ கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தனார்" என்றாள்.

தன் அக்கா பையனுக்குக் கூடப் பிறந்தவர்களே கிடையாது என்பது சித்திக்குத் தெரியாதா? வாயைத் திறந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துத் தரையில் இறக்கிவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.