மூலத்துக்கு மார்க்

கணக்கு வாத்தியார் யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. எமனே பரீட்சை எழுதினாலும் அரை மார்க் குறைப்பார் என்பார்கள் பிள்ளைகள். மூலநோய் டாக்டர் நீட்டிய தாளிலும் அந்தக் கஞ்சக் கைதான் எழுதியது. வலி, ரத்தம், அரிப்பு, சதை வெளித்தள்ளல் என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று நோயாளியே போட வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டார்.

"இவ்வளவுதானா? அப்போ ஆபரேஷன் வேண்டாம் சார், களிம்பே போதும். உட்காருங்க, எழுதித் தரேன்."

"பரவாயில்ல, நிக்கிறேன்."

கூட வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கொஞ்ச நாளா நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறீங்க. காலையில ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தீங்க. அதுக்கு ரெண்டா?"

"பத்து போட்டுட்டா, நாளைக்கு இதைவிட மோசமானா எதைப் போடுறது?"

"நாளைக்கும் விழுந்தா தூக்க எனக்குத் தெம்பில்லைங்க."

வாத்தியார் தாளைத் திரும்ப வாங்கினார். நெடுநேரம் யோசித்து, எல்லா இரண்டையும் அடித்து ஒன்பதாக்கினார்.

டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். "அந்த ஒரு மார்க்கை மட்டும் ஏன் சார் பிடிச்சுக்கிட்டீங்க?"

"நீங்க இன்னும் கத்தியை எடுக்கலையே!"