இருபத்துநாலு மடங்கு

"மூண்டு இருக்கு. எதை எடுக்கிறதெண்டு தெரியேல்லை" என்று அமலன் கைபேசியை மனைவியின் பக்கம் திருப்பினான்.

சிவதர்சினி புட்டைக் கோப்பையில் கொட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். மூன்று கறுப்புக் குழாய்கள். துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்.

"உங்களுக்கு ஏனப்பா இது?"

"எனக்கில்லை, சின்ஞோருக்கு. காட்டுப்பண்டி தோட்டத்துக்கை பூந்து வேரெல்லாம் கிண்டுது. முந்நூறு யூரோவுக்கை நல்லதாப் பார் எண்டவர்."

சின்ஞோர் கலோஜெரோ, அவனுடைய இத்தாலிய முதலாளி, நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருப்பவர். அமலன் பல வருடங்களாக அவரிடம்தான் வேலை. சின்ஞோருக்கு வேட்டைப் பைத்தியம்; ஆனால் ஞாபகமறதி. தோட்டவீட்டுத் துவக்கு அலுமாரியின் திறப்பைக்கூட அமலனிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"இது ஆறு மடங்கு பெரிசாக் காட்டும். இது பன்னிரண்டு. இது இருபத்துநாலு" என்றான் அமலன். "மூண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. அப்ப இருபத்துநாலைத்தானே எடுக்கோணும்? முந்நூறு மீற்றருக்கு அங்காலை நிக்கிறதின்ர முகமே தெரியுமாம்."

"பண்டியின்ர முகத்தைப் பாத்து என்ன செய்யப் போறார்? சம்பந்தம் பேசவோ?"

அமலன் சிரிக்கவில்லை. இரண்டு கிழமையாகவே அவன் சிரிப்பதில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, "அவனைக் கண்டனான். அவன்தானோ எண்டு தெரியேல்லை" என்றான்.

யார் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. யுத்தம் முடிந்த அந்த மே மாதம், சனம் வரிசையில் நடந்து சோதனைச் சாவடியைக் கடந்தபோது, ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றான். விரலை நீட்டி ஆட்களைக் காட்டிக் கொடுத்தான். அமலனின் அண்ணன் விதுரனையும் அந்த விரல்தான் காட்டியது. இழுத்துக்கொண்டு போனார்கள், விதுரன் திரும்பி வரவில்லை. நீட்டியவனின் பெயர் எவருக்கும் தெரியாது. இடது காதின் கீழ்ப்பாதி இல்லாதவன் என்பது மட்டும் தெரியும்.

இப்போது பிரான்காச்சோவில், இவர்கள் இருக்கும் மாடிக் கட்டடத்திலிருந்து ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், கார் கழுவும் இடத்தில் ஒரு தமிழன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெயர் கிறிகோரி என்றார்கள். தாடி. காதை மூடிய கம்பளித் தொப்பி.

அமலன் இருபத்துநாலு மடங்கை ஓடர் பண்ணினான்.

புதன்கிழமைகளில் சிவதர்சினிக்கு சின்ஞோரின் வீட்டைத் துடைக்கும் வேலை. அன்று அவர் சமையலறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"உன் மனுசன் எனக்கு ஏதோ பெரிய ஸ்கோப் தேடுகிறானாம்" என்றார். "நான் என்ன, நிலாவிலா பன்றி சுடப் போகிறேன்? பொழுதுபடும் நேரம் மரத்தடிக்கே வருகிற மிருகம். நாலு மடங்கு போதும். பெரிசைப் பூட்டினால் பன்றி தெரியாது, அதன் மயிர்தான் தெரியும். அவனிடம் சொல்லிவிடு, சின்னது போதும் என்று."

துணியைப் பிழிந்த கை நின்றது. முந்நூறு மீற்றர் என்று சொன்னது சின்ஞோர் இல்லை. பொழுதுபடும் நேரத்துப் பன்றிக்கும் முந்நூறு மீற்றருக்கும் சம்பந்தமே இல்லை. அவர்களுடைய மொட்டைமாடிக்கும் கார் கழுவும் இடத்துக்கும் இடையில்தான் அந்தத் தூரம்.

"சின்ஞோர், அலுமாரித் திறப்பு?"

"அமலனிடம்தான். ஏன்?"

சொல்லிவிடலாம். சொன்னால் அந்த நிமிடமே அவனுக்கு வேலை போகும். வேலை போனால் இங்கே இருப்பதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது. போலீஸ் கேள்வி வேறு வரும். சொல்லாவிட்டால் அவன் கொலைகாரனாவான்.

"சும்மா கேட்டனான்" என்றாள்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அமலனைக் காணவில்லை. அவள் ஈர உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். காய்கிற படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால், சுவரில் முழங்கையை ஊன்றி, வெறும் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சின்ஞோர் நாலு மடங்குதான் கேட்டவராம்" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"துவக்கை எப்ப கொண்டு வாறதா யோசனை?"

"சுடுறன் எண்டு நான் சொன்னனானோ? ஆளை உறுதிப்படுத்திறன். அவ்வளவுதான்."

"உறுதியெண்டால்?"

அவன் ஸ்கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கிட்டப் போய்ப் பாக்கலாமே?"

"என்னை மட்டுக்கட்டினால் ஓடிடுவான்." ஸ்கோப்பை இறக்கிக் கண்ணைக் கசக்கினான். "சனியன் பிடிச்ச சாமான். பெரிசாத்தான் காட்டுது, ஆனால் பாலுக்கை கிடக்கிற மாதிரி இருக்கு. கை கொஞ்சம் ஆடினாலும் ஆள் ஓடிப்போறான். நீயும் அண்டைக்கு அந்த வரிசையில நிண்டனி. உன்ர கண் நல்ல கண். பார்."

அவள் வாங்கினாள். ஒரு துவாயை மடித்துச் சுவரில் வைத்து, அதன்மேல் ஸ்கோப்பைக் கிடத்திக் குனிந்தாள். வெள்ளைப் புகை. நடுவில் ஒரு சிலுவைக் கோடு. புகைக்குள் ஏதோ அசைந்தது. இறுக்கிப் பிடிக்கப் போனபோது குழாயின் கண் பக்கத்தில் இருந்த வளையம் விரலுக்குள் சுழன்றது. உருவம் சிறுத்தது. சிறுக்கச் சிறுக்கத் தெளிந்தது. மலிவுக் கண்ணாடி, பாதியளவில்தான் ஒழுங்காக வேலை செய்தது. இருபத்துநாலுக்குக் காசு கொடுத்த அமலன் ஒருபோதும் அதைக் குறைத்துப் பார்த்திருக்கமாட்டான்.

ஒரு சிவப்புக் கார். நுரை. காரின் சில்லைத் தேய்க்கும் ஒரு மனிதன். வேர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினான். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினான்.

இடது காதின் கீழ்ப்பாதி இல்லை.

கோடுகள் சரியாக அவனுடைய நெற்றிப்பொட்டில் கிடந்தன. வெறுங்குழாயைப் பிடித்திருந்த அவளுடைய சுட்டுவிரல் தானாகவே மடங்கியது. துவக்கு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த விரலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வளையத்தைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டு போனாள். புகை வந்து அவனை மூடியது. பிறகு நிமிர்ந்தாள்.

"இது அவனில்லை."

"வடிவாப் பாத்தனியோ?"

"தொப்பியைக் கழட்டினவன். ரெண்டு காதும் முழுசா இருக்கு."

அமலன் பறித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "தொப்பியைப் போட்டிட்டான் போல" என்றான். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துச் சரிந்து இருந்தான். அவன் அழுகிறான் என்று அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது.

"திறப்பைத் தாங்கோ" என்றாள். தந்தான்.

அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டான். மறுநாளும், அதற்கு மறுநாளும். ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பி, சின்ஞோருக்கு நாலு மடங்கை எடுத்தான். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"எனக்கு வெக்கமா இருக்கு தர்சினி. ஒரு அப்பாவியைச் சாகடிக்கப் பாத்தனான். அவன் தனிய இருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவம். நானே போய்க் கூப்பிடுறன்."

"வேலைநாளில ஏன்? ஞாயிறு விடியப் போய்க் கூப்பிடுங்கோ" என்றாள், குரல் மாறாமல்.

புதன்கிழமை வேலைக்குப் போகும் வழியில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, ரயில்பாதையைக் கடந்து கார் கழுவும் இடத்துக்குப் போனாள். அவன் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். கிட்டத்தில் வயதான, மெலிந்த மனிதன்.

"ஆரம்மா நீங்கள்?"

"அண்டைக்கு வரிசையில நிண்டவள். நீ விரல் நீட்டேக்கை."

அவனுடைய கை தொப்பிக்குப் போய் அதை இடப்பக்கம் கீழே இழுத்தது.

"என்னை அடிச்சுத்தான் நிக்க வைச்சவங்கள், தங்கச்சி."

"இருக்கலாம். தங்கச்சி எண்டு சொல்லாதை. நீ காட்டினவன்ர தம்பி இஞ்சைதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிட வருவான். அதுக்கு முதல் இந்த ஊரை விட்டுப் போ."

"சாப்பிடவோ?" அவனுக்கு விளங்கவில்லை.

"உனக்காக இல்லை" என்றாள். "என்ர மனுசனுக்காக."

ஞாயிறு காலை அமலன் தாடி வழித்து, ஒரு பை மண்டரினோடு போனான். அவள் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். போனவன் அதே பையோடு திரும்பி வந்தான்.

"வேலையை விட்டிட்டுப் போட்டானாம். எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது." பையை மேசையில் வைத்தான். "பாவம். கதைச்சிருந்தால் நல்ல மனுசனா இருந்திருப்பான், என்ன?"

அவன் பதிலுக்காக அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்" என்றாள் சிவதர்சினி. "இருந்திருப்பான்."