பச்சைக்காய் ஒட்டிய மயில்

புஷ்பலதா டீச்சர் குரங்கணியில் பஸ்சை விட்டு இறங்கும்போது மணி ஏழரை. அதற்குள்ளாகவே ஒரு முழு நாள் உழைத்து முடித்த அலுப்பு உடம்பில் ஏறியிருந்தது. போடியில் நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு வேண்டியதைச் செய்துவைத்துவிட்டு ஓடிவந்திருந்தாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது.

அது 1979 ஐப்பசி. மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். பொம்பளைகள் விடியுமுன்னே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறிவிடுவார்கள். இறங்கிவரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை பிள்ளைகள் பால்வாடியில்தான். பதிவேட்டில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். எடுப்புக் காலத்தில் நாற்பதுக்குக் குறையாது. பார்த்துக்கொள்ள டீச்சரும் ஆயா மூக்கம்மாளும் மட்டும். கட்டடம் தோட்டத்து முதலாளியுடையது. பழைய சாக்குகள் போட்டுவைத்திருந்த கொட்டகையை ஒழித்துக் கொடுத்திருந்தார்.

அந்த வாரம் தபாலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மேலதிகாரியம்மா வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார். பிள்ளைகள் இயற்கைப் பொருள்களைக் கொண்டு செய்த கைவேலைகள் சுவரில் இருக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்புப் புத்தகம். "இலையுதிர் காலத்தில் குழந்தைகளை மரத்தடிக்கு அழைத்துச் செல்லவும். பல நிற இலைகளைச் சேகரிக்கச் செய்யவும்" என்று போட்டு, சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டுகிற ஒரு மரத்தின் படமும் இருந்தது.

மூக்கம்மாள் அதை எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு மரம் டீச்சரம்மா? நம்ம பக்கம் ஐப்பசியில ஏது இலை உதுருது? அடமழையில்ல கொட்டுது."

"காத்துக்கு விழுந்தது கெடக்கும்ல. அதைப் பெறக்குவோம்" என்றாள் புஷ்பலதா. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை மழை சற்று விட்டது. பெரிய பிள்ளைகளைக் கையோடு கை கோத்து, ஆற்றுக்குப் போகும் வழியில் நடத்திக் கூட்டிப்போனாள். மரத்தில் இருப்பதைப் பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னாள். பிள்ளைகள் குனிந்தார்கள், குனிந்தவர்கள் நிமிரவேயில்லை. பழுத்து ஆரஞ்சு நிறமாகியிருந்த பலா இலை, பூவரசு இலை, ஓட்டைவிழுந்த காப்பி இலை, குயில் இறகு, நத்தை ஓடு, ஏதோ காட்டுக் கொட்டை. ஒருத்தன் உயிரோடு ஒரு மரவட்டையைக் கொண்டுவந்து, "இதுவும் விழுந்துதான் கெடந்துச்சு" என்றான். இன்னொருத்தி வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்து, எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே தட்டித் தட்டி விளையாடினாள். திரும்பி வந்து அத்தனை பேரின் கால்களையும் கழுவிவிட்டு நிமிரும்போது டீச்சருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மறுநாள் மைதா மாவில் பசை காய்ச்சினாள். பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் ஒட்டத் தொடங்கினார்கள். மீன் என்று ஆரம்பித்தது வீடாயிற்று. வீடு என்றது ஒன்றுமில்லாமல் போயிற்று. பசையை நக்கியவர்கள் நாலு பேர். ஒவ்வொரு தாளின் கீழும் பிள்ளையின் பெயரை எழுதி, டீச்சர் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தாள்.

நாலு வயசு பொன்னுமணி மட்டும் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து ஒரு மயில் செய்திருந்தாள். பூவரசு இலை உடம்பு. பலா இலைகள் தோகை. தோகையின் கண்களாகப் பச்சைப் பசேலென்று எட்டு ஏலக்காய்கள். கவுன் பையிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது டீச்சரின் கண்ணில் பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை அழும். பின்னால் உப்புமா தீய்கிற வாடை வேறு வந்தது. "நல்லாருக்கு ஆத்தா" என்று தலையைத் தடவிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்துக் கங்காணி கன்னையன் ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். ஓட்டைப் பார்த்தவர் சுவரையும் பார்த்தார். மயிலுக்கு நேரே போய் நின்று, ஒரு காயை நகத்தால் பெயர்த்து முகர்ந்தார்.

"டீச்சர், இது பச்சைக்காயாச்சே. ஸ்டோருல உலத்தாத காய் கடைக்குக்கூடப் போகாதே. இங்க எப்படி வந்துச்சு?"

"பிள்ளைக எங்கயாச்சும் பெறக்கியிருக்கும்ணே."

அவர் குனிந்து, கீழே எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பொன்னுமணி. தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலையில் புஷ்பலதா வரும்போது பொன்னுமணியின் தாய் வேலுத்தாய் பால்வாடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சாக்கு இருந்தது. எடுப்புக் காலத்தில் அந்த நேரத்துக்கு ஒரு பொம்பளை ஊருக்குள் நிற்கிறாள் என்றால் விஷயம் என்னவென்று கேட்க வேண்டியதில்லை. அவள் புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், ரெண்டு வருஷமாகத் திரும்பவில்லை.

"திருடின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாரு டீச்சர். அத்தனை பொம்பளைக முன்னாடி. இனி எந்தத் தோட்டத்துல என்னை ஏத்துவாக?"

"அந்தக் காய் பிள்ளைக்கு எப்படிக் கெடச்சது வேலுத்தாயி?"

வேலுத்தாய் இடுப்புச் சாக்கின் மடிப்பை விரித்துக் காட்டினாள்.

"ஸ்டோர் வாசல்ல உதறிக் காட்டிட்டுத்தான் வர்றோம். இருந்தாலும் இந்த மடிப்புல ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு வந்துருது. வீட்டுல அவுத்துப் போடுறப்பக் கீழ விழுகும். மறுநாள் கொண்டுபோய்க் குடுத்தா, நேத்து ஏன் கொண்டுபோனேம்பாக. கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டுருவேன். இவ அதைச் சேத்து வச்சிருக்கா." குரல் கடுகடுத்தது. "பேரு எதுக்கு டீச்சர் எழுதுனீக? எம் பிள்ள பேரை எழுதி எதுக்குச் சுவத்துல ஒட்டுனீக?"

பொன்னுமணி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு டீச்சரை அண்ணாந்து பார்த்தாள். "கீழ விழுந்ததுதான் டீச்சர். நான் பறிக்கல."

புஷ்பலதா பிள்ளைகளை மூக்கம்மாளிடம் விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு ஏறினாள். அரை மணி நேர ஏற்றம். பாதி வழியில் ஒரு பாறையில் கை ஊன்றி நின்றாள். இப்படியே திரும்பிப் போனால் என்ன என்றுதான் தோன்றியது. நாளைக்கு அதிகாரியம்மா வருகிறார். உப்புமாவுக்கு விறகு நனைந்து கிடக்கிறது. மாமியாருக்கு மருந்து தீர்ந்துவிட்டது. இதில் அடுத்தவள் வம்பு எதற்கு? ஆனால் அந்தப் பெயரை எழுதிய கை தன் கை என்பதும் மனசை விட்டுப் போகவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலோ, சாக்கு மடிப்பில் வந்த காயும் வேலுத்தாயின் தலையில்தான் விடியும். மேலே ஏறினாள்.

கன்னையன் ஸ்டோர் வாசலில் காய் பரப்பிக்கொண்டிருந்தார். மயில் தாள் ஜன்னலில் செருகியிருந்தது.

"அண்ணே, அந்தக் காயி நான் பெறக்குனது" என்றாள். "மேல்தோட்டத்துப் பொதி கழுதையில வருதுல்ல, அந்தப் பாதையில சிந்திக் கெடந்துச்சு. பாக்க நல்லாருக்கேன்னு எடுத்து நான்தான் பிள்ளைகிட்டக் குடுத்தேன். அவ ஆத்தாவுக்கு ஒண்ணுந் தெரியாது."

கன்னையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கோபமும் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

"டீச்சர், எனக்கு அந்தப் புள்ள மேல என்ன பகை? காய் குறையுதுன்னு போன வாரந்தான் முதலாளி சத்தம் போட்டாரு. நான் ஒரு பேரு சொல்லியாகணும்."

"அப்ப எம் பேரைச் சொல்லுங்க."

"எழுதித் தருவீகளா?"

வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. பேனாவை வாங்கி, ஸ்டோர் சீட்டின் பின்னால் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கன்னையன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேலுத்தாயை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

இறங்கும்போது எதையோ சாதித்துவிட்ட நினைப்பொன்றும் வரவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்தார், சுவரைப் பார்த்தார், மெச்சினார். நத்தை ஓட்டில் செய்த யானையை மதுரைக்குக் கொண்டுபோகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரெண்டு வாரம் கழித்து முதலாளியின் புகார் அலுவலகத்துக்குப் போயிற்று. தோட்டத்துக்குச் சொந்தமான பொருளை எடுத்த டீச்சர் எங்கள் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள். வேலை போகவில்லை. கார்த்திகை முடிவில் பொட்டிபுரத்துக்கு மாற்றல் வந்தது. பஸ்சை விட்டு இறங்கி ரெண்டு மைல் நடக்க வேண்டும் என்றார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஒவ்வொரு தாயாக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வேலுத்தாய் கடைசியாக வந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் டீச்சரிடம் சரியாகப் பேசியதில்லை. பொன்னுமணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா உங்களுக்கு இது வந்திருக்காது."

"உனக்கு வந்திருக்கும்."

"ஒங்களைத் திட்டிட்டேன் அன்னைக்கு."

"திட்ட வேண்டியதுதான். அந்தக் காயை ஒட்டுறப்பவே நான் பாத்தேன் வேலுத்தாயி. வேண்டாம்னு சொல்லி எடுக்க அலுப்பா இருந்துச்சு."

வேலுத்தாய் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பொன்னுமணி அரைத்தூக்கத்தில் டீச்சரின் விரலைப் பிடித்திருந்தாள். புஷ்பலதா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"வெரசாப் போ. மழை எறங்குது."

அவர்கள் சந்தில் திரும்பும்வரை நின்றுவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை மூக்கம்மாளிடம் கொடுத்தாள்.