அப்பா தட்டு

என் மகள் சியாலேயின் கைக்கும் அவள் அப்பாவின் தட்டுக்கும் இடையே எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று சண்டை நடக்கும். அவளுக்கு இரண்டரை வயது. அவள் தட்டிலும் அதே மீன், அதே கிழங்கு, அதே தேங்காய்ப்பால்தான் இருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவள் அப்பா சமிசோனி சாப்பிட்டு மிச்சம் வைத்த துண்டுதான் வேண்டும். கை நீளும், நான் பட்டென்று அடிப்பேன், அவள் ஊரைக் கூட்டுவாள்.

"அப்பா தட்டு, தொடாத. தொண்டை வீங்கிடும்."

"வீங்கட்டும்," என்பாள். வீங்குவது என்றால் என்னவென்று அந்தக் கழுதைக்கு எங்கே தெரியும்!

நடுக்கடலில் இருக்கும் எங்கள் ஹாபாய் தீவுகளில் எந்தப் பிள்ளையும் அப்பன் எச்சிலைச் சாப்பிடாது, அப்பன் தலையைத் தொடாது. ஆனால் அதே ஆளின் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு எந்தத் தடையும் கிடையாது. மாமன் தட்டில் கை விடலாம். மாமன் தோளில் ஏறி முடியைப் பிடித்து ஆட்டலாம். மாமன் வளர்த்த பன்றியை ஓட்டிக்கொண்டு போகலாம். மாமன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஊரில் ஆணை விட அவன் அக்கா உசத்தி, அவள் பிள்ளை அதை விட உசத்தி. சமிசோனிக்கு இருப்பது ஒரே அக்கா, லவீனியா. ஆக்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சமிசோனியின் தட்டுக்கு உரிமைக்காரர் யாரும் இல்லாமல் மிச்சமெல்லாம் பன்றிக்குத்தான் போனது.

அந்தப் பிள்ளை இல்லாத விஷயத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சியாலே என் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது லவீனியா ஊருக்கு வந்தாள். என் அம்மா ஒரு வருஷம் உட்கார்ந்து முடைந்த பாய், பிறக்கப் போகும் பிள்ளையைக் கிடத்துவதற்கென்று மடித்து வைத்திருந்தது, அதைப் பார்த்தாள். நல்லா இருக்கே என்றாள். சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் அதோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி.

"பெத்துப் பாத்தாத்தான அண்ணி அந்தப் பாயோட அருமை தெரியும்," என்றேன்.

மூன்று முறை கலைந்த வயிறு லவீனியாவுடையது. பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு எனக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், இரண்டு நாள். பிள்ளை இறங்கவில்லை. தலைநகருக்குப் போகும் விமானம் காற்றினால் நின்றுபோயிருந்தது. நாத்தனார் மனசு நொந்தால் பிள்ளை இறங்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த கிழவிகள் என் காலைத் தடவிவிட்டுக்கொண்டே கேட்டார்கள்: "நாத்தனார என்னடி சொன்ன?" நர்ஸ் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாள் காலையில் அதே நர்ஸ் தன் போனை எடுத்து என் கையில் திணித்தாள். "பேசிடு. பேசறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

நான் பேசினேன். பேசவில்லை, கதறினேன். "அண்ணி, மன்னிச்சிருங்க. தெரியாம சொல்லிட்டேன். இது உசுரோட வெளிய வந்தாப் போதும், உங்களுக்கே குடுத்துடறேன். உங்க புள்ளை அண்ணி, உங்க புள்ளை."

அவள் என்னை அழுது முடிக்க விட்டாள். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடி. எம்மனசுல ஒண்ணும் இல்ல," என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். அரை மணி நேரத்தில் சியாலே பிறந்தாள். பெயர் வைத்ததும் லவீனியாதான், போனிலேயே.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். ஆபத்தில் சொன்ன வார்த்தைக்குக் கணக்கு உண்டா என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. இரண்டரை வருஷம் அண்ணி அதைப் பற்றிப் பேசவில்லை. பெட்டி பெட்டியாகச் சட்டையும் டயப்பரும் அனுப்பினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். போன வருஷம் சியாலேவுக்கு பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு எங்களையெல்லாம் கூப்பிடுவாள் என்று ஆசைப்பட்ட முட்டாள் நான். குழந்தைக்கு மட்டும் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த மே மாதம், பிள்ளைகள் ஞாயிறுக்கு, லவீனியா வந்தாள். அன்று ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் புது வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலில் பாடும். சியாலேவுக்கு ஜரிகை வைத்த வெள்ளைக் கவுன் வந்திறங்கியது. அளவு பார்க்கப் போட்ட ஐந்தாவது நிமிஷம் அதோடு பன்றித் தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். நான் கையை ஓங்கினேன். அண்ணி தடுத்தாள்.

"அடிக்காத, எலெனோவா. துணிதான? தொவைச்சாப் போவுது."

"இவளுக்கு அடி ஒண்ணுதான் அண்ணி மருந்து. இல்லன்னா தலைல ஏறிடுவா."

"ஏறட்டும். இங்க எல்லார் தலையும் காலியாத்தான இருக்கு," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சியாலே யாருடைய காது மடலையாவது பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். என் இடது காது அவள் திருகித் திருகியே சிவந்து கிடக்கும். முதல் நாள் மத்தியானம் அண்ணி பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் காதைக் கொடுத்தாள். குழந்தை தடவிப் பார்த்துவிட்டு, "குத்துது," என்று என்னிடம் ஓடி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பார்த்தேன், அண்ணியின் காதில் தங்கத் தோடு இல்லை. இருபது வருஷமாகக் கழற்றாத தோடு. சியாலே அந்த மடலைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அசையாமல், மூட்டு வலியோடு, கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சியாலே பாடவில்லை. மேடையில் ஏறிக் கவுனைத் தூக்கித் தன் தொப்புளைச் சபைக்குக் காட்டிவிட்டு இறங்கினாள். போதகர் முதற்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் வீட்டில் குழி தோண்டி மூடிய மண்ணடுப்பைத் திறந்து விருந்து. அண்ணி பாயின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். சமிசோனி வெளியே வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அக்கா இருக்கும் அறையில் தம்பி காலை நீட்டி உட்கார மாட்டான், நேருக்கு நேர் பேசவும் மாட்டான். எது என்றாலும் என் வழியாகத்தான் போக வேண்டும், என் வழியாகத்தான் வர வேண்டும்.

அண்ணி கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள்: "வியாழக்கெழம பிளேனுக்கு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கேன். கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் பெட்டில இருக்கு. தம்பிகிட்டச் சொல்லிடு."

எங்கள் ரெண்டு பேர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. சியாலே அவள் மடியில் உட்கார்ந்து அவள் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சின்னக் கொழந்தை அண்ணி," என்றேன். "வெளிக்கிப் போனாக்கூட என்னைத்தான் கூப்பிடும்."

"பழகிடும். ஒரு வாரம் அழுவும், பொறவு பழகிடும். நான் யாரோ இல்லையே."

கோழி கூவுவதற்கு முன்பு கடலுக்குப் போகிறவன், திமிங்கிலம் படகுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால்கூடப் பயப்படாதவன் என் புருஷன். திங்கட்கிழமை பன்றித் தொழுவத்துப் பக்கம் அவனைப் பிடித்தேன்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லேன்யா. உன் புள்ளைதான அது? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எங்க அக்காகிட்ட நானா?" என்றான்.

"சரி, நான் சொல்றேன். அத்தனை பழியும் என் தலைல விழட்டும்."

அவன் என் வயிற்றைப் பார்த்தான். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். "நீ சொல்றதுன்னா சொல்லு," என்றான். "ஆனா போன தடவை அந்த மூணு நாளும் நான் ஆஸ்பத்திரி மரத்தடில உக்காந்திருந்தேன். நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவள். ஆனால் பகலில் தெரிகிற உண்மை ஒன்று, வலியில் தெரிகிற உண்மை ஒன்று. நான் நேராகக் கொடிக் கயிற்றுக்குப் போனேன். அண்ணி அந்த வெள்ளைக் கவுனை மறுபடி துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜரிகையில் இன்னும் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருந்தாள். புதுசாக இருந்தது. சொல்ல வேண்டியதை நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அண்ணி, அவளைத் தர மாட்டேன். நாலே வார்த்தை.

"அண்ணி," என்றேன்.

அவள் திரும்பினாள். ஈரக் கையை என் வயிற்றில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

"இது அஞ்சு மாசமா?"

"ஆமா."

"பயப்படாத. இந்தத் தடவ உனக்கு ஒரு கஷ்டமும் வராது. எம்மனசு நெறஞ்சு இருக்கும்ல."

மிரட்டினாளா, வாழ்த்தினாளா? அவள் கண்ணைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. மீதி மூன்று வார்த்தையும் வெளியே வரவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான் எலெனோவா," என்றாள். "பெத்துப் பாக்கல. வளத்தாவது பாக்கறேன்."

நான் கவுனின் மறுமுனையைப் பிடித்து உதற உதவி செய்தேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஊரில் என்னைத் தாராள மனசுக்காரி என்கிறார்கள். நாத்தனாருக்குப் பிள்ளையையே கொடுத்தாள் என்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. பயந்தேன். வயிற்றில் இருப்பதற்காக மடியில் இருப்பதை விட்டேன்.

புதன்கிழமை கையெழுத்துப் போட்டோம். சமிசோனி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினான். சியாலே பேனாவைப் பிடுங்கித் தன் முழங்காலில் கோடு போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவன் விடிவதற்குள் கடலுக்குப் போய் ஒரு பெரிய கிளிமீன் கொண்டுவந்தான். தேங்காய்ப்பாலில் வேகவைத்தேன். அண்ணி உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். விமான நிலையத்துக்குப் போகிற வண்டி ஒன்பது மணிக்கு வரும். சியாலேவுக்குக் கவுன் போட்டு, தலை சீவி, தனித் தட்டில் முள் இல்லாமல் மீன் பிசைந்து வைத்தேன். அதை அவள் தொடவில்லை. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற அப்பாவின் முன்னால் போய்க் குந்தினாள்.

அவன் வழக்கத்தை விட மெதுவாகச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தினான். தலைப்பக்கத்துக் கொழுத்த சதை அப்படியே இருந்தது.

கை நீண்டது. என் கையும் தானாக ஓங்கியது. இரண்டரை வருஷப் பழக்கம்.

சமிசோனி என் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமாகப் பிடித்தான். இந்த ஒரு வாரத்தில் அவன் பிடித்த ஒரே பிடி.

"அடிக்காத," என்றான். "அவ இப்ப எங்க அக்கா பொண்ணு. எங்க அக்கா பொண்ணு என் தட்டுல சாப்பிடலாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சியாலேவுக்குப் புரியவே இல்லை. நீட்டிய கையை மீனுக்கு மேல் அப்படியே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடி ஏன் இன்னும் விழவில்லை என்று பார்த்தாள்.

"சாப்பிடும்மா," என்றேன்.

"அப்பா தட்டு," என்றாள் சந்தேகமாக.

"பரவால்ல. மாமா தட்டு. சாப்பிடு."

அவள் எடுத்தாள். ஒரு துண்டு, பிறகு இரண்டு கையாலும். கன்னமெல்லாம் தேங்காய்ப்பால். ஜெயித்துவிட்ட சிரிப்பு. நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், ஏமாந்தாயா என்பதுபோல. தட்டை வழித்து நக்கிவிட்டு, எழுந்து, எண்ணெயும் பாலுமாக இருந்த அந்தக் கையால் அப்பாவின் தலையைத் தொட்டாள். அவன் குனிந்து கொடுத்தான். அவள் முடியை முறுக்கிப் பிடித்து ஆட்டினாள். கெக்கெக்கே என்று சிரித்தாள். அவன் நெற்றி தரையைத் தொடும்வரை குனிந்திருந்தான். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

வாசலில் வண்டி ஹார்ன் அடித்தது. உள்ளேயிருந்து அண்ணி, "கெளம்பலாமா?" என்று கேட்டாள். அவன் என் மணிக்கட்டை விட்டுவிட்டிருந்தான். ஓங்கிய கை அந்தரத்திலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.