புலிக்கு வித்த சில்வண்டு

சனிக்கிழமை காலையில தோவா நூடுல்ஸ் சூப்பைப் பாதியிலயே நிறுத்திட்டா. சூப்புல ஒண்ணும் குறையில்ல, பொறந்த வரிசையை வெச்சு ஊரே கூப்பிடுற ஏழாமக்கா கடை சூப்பை யாராச்சும் குறை சொல்லிட முடியுமா? பாதிக் கிண்ணம் நல்லாத்தான் தின்னுட்டிருந்தா. அப்பத்தான் அக்கா ஈரக்கையை இடுப்புத் துணியில துடைச்சிட்டு, ஃபோனைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"பாருடி தோவா, என் பிள்ளைங்களை! மொத்தம் பதினாலு. எல்லாம் சண்டைக்காரப் பயலுக."

ஃபோன்ல வரிசையா சில்வண்டுக. கறுப்பு ஒண்ணு, செம்பட்டை ஒண்ணு, தங்கக் கலர்ல ரெண்டு. எல்லாத்துக்கும் இடது மீசை மட்டும் கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் மீசையை வரைஞ்சது தோவாவோட புருஷன் லுவான். சின்ன வயசுல வயக்காட்டுல பிடிச்சு தீப்பெட்டியில வெச்சு வளத்த சில்வண்டுக்கு அப்படித்தான் இருந்துச்சுன்னு, வேணும்னே வரைஞ்சான். அந்த சில்வண்டுகளைச் சண்டை போட வெச்சது தோவா எழுதின கம்ப்யூட்டர் கோடு.

"இதுல எவ்வளவுக்கா போட்டிருக்கீங்க?" தோவா கேட்டா.

"நாலு கோடி டோங்." அக்கா பக்கத்துல குனிஞ்சு ரகசியமா சொன்னா. டாலர்ல பாத்தா ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். "எம்பொண்ணு ஜப்பானுக்கு வேலைக்குப் போறதுக்கு ஏஜென்சில கட்ட வெச்சிருந்தது. சும்மா தூங்குற காசுதானே? முதல் மூணு வாரம் தெனமும் கொட்டுச்சுடி! ஐஸ்காரனும் போட்டிருக்கான், லாட்டரிச் சீட்டு விக்கிற அஞ்சாம் மாமாவும் போட்டிருக்காரு. இப்பக் கொஞ்ச நாளா எடுக்க முடியாம மூடி வெச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தொறக்குறாங்களாம். அதுக்குள்ள இன்னும் போடுறவங்களுக்கு ரெட்டிப்பாம்."

"அக்கா, இன்னும் போடாதீங்க."

"ஏன்?"

தோவா என்ன சொல்லுவா? கிண்ணத்தைத் தள்ளி வெச்சா.

"பொறாமைடி உனக்கு," அக்கா சிரிச்சிட்டே அடுத்த மேசைக்குப் போயிட்டா. "வீட்டுக்குள்ளயே உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுற, ஒரு சில்வண்டு வளக்கத் தெரியல."

கான்தோ ஊர்ல தோவா பண்ற தொழில் ஒண்ணும் அதிசயமில்ல, அந்தச் சந்துலயே இன்னும் ரெண்டு வீட்டுல பண்றாங்க. கிரிப்டோ காசை வெச்சு ஆடுற சின்னச் சின்ன விளையாட்டா எழுதி, ஆன்லைன் சந்தையில வெக்கிறது. மீன் பிடிக்கிற விளையாட்டு, சக்கரம் சுத்துறது, படகுப் பந்தயம். உலகத்துல எங்கயோ இருக்குறவன் முந்நூறு நானூறு டாலர் குடுத்து வாங்கி, அவன் பேரைப் போட்டுக் கடை தொறந்துக்குவான். தோவா அதோட விடமாட்டா. அவங்களுக்காக அதை நெட்ல ஏத்தி, ஓட்டிப் பாத்து, சாவியைக் கையில குடுத்துட்டுத்தான் விடுவா. அதனாலதான் சந்தையில அவ கடைக்கு அஞ்சு நட்சத்திரம். அஞ்சு வருஷமா ரெண்டு பேரு பொழப்பும் அந்த நட்சத்திரத்துலதான் நடக்குது.

விக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேப்பா. யாரு ஆடப் போறாங்க? போட்ட காசை எப்போ எடுக்கலாம்? பதில் கோணலா வந்தா விக்க மாட்டா. முன்னாடி ஒருதடவ அவ வித்த விளையாட்டை ஒருத்தன் ஒரே நாள்ல மூடிட்டு ஆடினவங்க காசோட ஓடிட்டான், அதுலருந்து இந்தக் கேள்வி. இன்னொரு வேலையும் பண்ணி வெச்சா. ஆடுறவங்க காசெல்லாம் சேருற பொது உண்டியலுக்கு, திருடன் எவனாச்சும் புகுந்தா அமுக்க ஒரு நிறுத்தற சாவி. அதை அமுக்கினா ஏழு நாளைக்கு யாரும் உண்டியல்ல கைவெக்க முடியாது, முதலாளியும்தான். ஏழு நாள் கழிச்சு ஆடினவங்க மட்டும், உண்டியல்ல மிச்சமிருக்குறதுல அவங்கவங்க பங்கை எடுத்துக்கலாம். ஓட்டிப் பாக்குறப்ப அந்தச் சாவி தோவா பேர்ல இருக்கும். கடைசி வேலையா வாங்கினவன் பேருக்கு மாத்திக் குடுத்துடுவா.

அப்புறம் இது எப்படி நடந்துச்சு? எல்லாம் போணியால வந்த வினை.

புது வருஷ லீவு முடிஞ்சு ஆறாம் நாளு தொழில் தொடங்குற நாளு. லேப்டாப் முன்னாடி அஞ்சு பழம் வெச்சு, ஊதுபத்தி கொளுத்தி உக்காந்தாங்க. உக்காந்த அஞ்சு நிமிஷத்துல ஆன்லைன்ல ஒருத்தன் வந்தான். பேருன்னு ஒண்ணும் இல்ல, ஒரு புலிப் படமும் நாலு நம்பரும். சில்வண்டு விளையாட்டு வேணும், இன்னைக்கே வேணும், அறுநூறு டாலர். பேரமே பேசல.

யாரு ஆடப் போறாங்கன்னு தோவா கேட்டா.

'விக்கிறியா இல்லையா?'ன்னு வந்துச்சு பதிலு.

"எனக்கு இது பிடிக்கல," தோவா திரும்பி லுவானைப் பாத்தா.

"வருஷத்து முதல் போணி, தோவா! வந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்பிட்டு அப்புறம் வருஷம் பூரா ஈ ஓட்டவா? எங்கம்மா கேட்டாங்கன்னா பீடை கழியணும்னு வீட்டைச் சுத்தி காகிதம் கொளுத்துவாங்க."

அவ அம்மாவா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. மார்க்கெட்ல மீன் விக்கிறவளா இருந்தா என்ன, கோடு விக்கிறவளா இருந்தா என்ன, முதல் ஆளை வெறுங்கையோட அனுப்பக்கூடாதுன்னு கேட்டு வளந்தவதானே. ரெண்டாவது கேள்வியை முழுங்கிட்டா. ஏத்திக் குடுத்துக்கிட்டிருக்குறப்பவே கீழ சித்தப்பா குடும்பம் புது வருஷ வாழ்த்துச் சொல்ல வந்துருச்சு, பிள்ளைகளுக்குச் செவப்புக் கவர்ல காசு குடுக்கணும், டீ வெக்கணும். எழுந்து போனா. சாவி மாத்துற அந்தக் கடைசி வேலை அப்படியே நின்னு போச்சு.

அதை அவ இந்தச் சனிக்கிழமைதான் கண்டுபிடிச்சா. ஏழாமக்கா கடையிலருந்து மேல ஓடி வந்து லேப்டாப்பைத் தொறந்தா. இந்தக் கணக்கெல்லாம் உலகமே பாக்குற மாதிரி வெட்டவெளியிலதான் கிடக்கும். உண்டியல்ல ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் இருந்துச்சு. வந்த காசு மூணு லட்சம். மிச்சம் சின்னச் சின்னதா வேற எங்கயோ போயிருக்கு. முதலாளியே நினைச்சாலும் தெனமும் கொஞ்சம்தான் உருவ முடியும், மொத்தமா வழிக்கணும்னா அவன் குறிச்ச அந்தப் பத்து மணி வரணும், கோடு அப்படி. புதுசா வர்றதும் நிக்கல, ரெட்டிப்புன்னு சொன்னதும் ஜனங்க அள்ளிக் கொட்டுறாங்க. கீழ, நிறுத்தற சாவி யாருகிட்டன்னு இருக்குற இடத்துல, அவளோட சொந்த வாலட் நம்பர்.

"ஐயோ," அப்படின்னா.

லுவான் பின்னாடி வந்து பாத்தான்.

"அவன் சாவியை அவனுக்கு மாத்திக் குடுத்துரு," சொன்னான். "நாம விட்ட தப்பு. மன்னிப்புக் கேட்டுட்டு மாத்திக் குடுத்துரு. அதோட முடிஞ்சுது."

"நாளைக்குப் பத்து மணிக்கு அவன் தொறக்கப் போறதில்லங்க. வழிச்சிட்டுப் போகப் போறான்."

"உனக்கெப்படித் தெரியும்? உண்மையிலயே தொறந்தான்னா? நாம என்ன போலீஸா? வித்தாச்சு, காசு வாங்கியாச்சு. வித்த வீட்டுக்குள்ள திரும்பிப் போயி பூட்டுப் போடுவியா?"

"வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்களே."

அவன் சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்ல. அதுதான் தோவாவை அரிச்சுது. அந்தப் புலி ஒருவேள யோக்கியனா இருந்தா? அவன் கடையில புகுந்த திருடி அவதான். விக்கிறவ ஒரு சாவியை ஒளிச்சு வெச்சுக்கிட்டான்னு சந்தையில தெரிஞ்சா, எவன் இனி அவகிட்ட வாங்குவான்? கோடு விக்கிறவங்களுக்கு அதைவிடப் பெரிய கெட்ட பேரு கிடையாது. எவ்வளவு நல்லதுக்குன்னு சொன்னாலும் எடுபடாது.

அதனால புலிக்கே எழுதினா. மரியாதையா. 'நிறுத்தற சாவி தப்பா என்கிட்டயே தங்கிருச்சு. மாத்தித் தர்றேன். அதுக்கு முன்னாடி, எடுக்குற வழியை ஏன் மூடி வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க.'

வெளிய மழை பிடிச்சுது. லுவான் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

பதில் வந்துச்சு. 'ஒரு மணி நேரத்துல சாவி வேணும். ஐயாயிரம் டாலர் தர்றேன். இல்லேன்னா ஆடுற நாலாயிரம் பேருக்கும் உன் கடைப் பேரைச் சொல்லி, நீதான் திருடினேன்னு போடுவேன்.'

லுவானுக்குக் கண்ணு விரிஞ்சுது. "ஐயாயிரமா?"

"பாத்தீங்களா?" தோவா எழுந்து நின்னுட்டா. "யோக்கியனா இருந்தா என்ன பண்ணுவான்? முட்டாளே, என் சாவியை நீ ஏன் வெச்சிருக்கன்னு திட்டுவான். சந்தையில புகார் குடுப்பான். அவனுக்குச் சேர வேண்டியதுக்கு எவனாச்சும் ஐயாயிரம் குடுப்பானா?"

"அதான் சொல்றேன், அவன் கெட்டவன். கெட்டவன்கிட்ட எதுக்கு மோதுற? நீ அமுக்கினா உலகத்துக்குத் தெரியப் போற ஒரே பேரு உன் பேருதான். அவனுக்குப் பேரே கிடையாது, புலிப் படம்தான்!"

"நம்ம பேரு போயிடும்னு பயப்படுறீங்க."

"பேரில்லடி. சோறு. எனக்குச் சில்வண்டு வரையத்தான் தெரியும். வேற என்ன தெரியும்?"

தோவா பக்கத்துல போயி அவன் தோள்ல கை வெச்சா. அவன் தட்டி விடல, திரும்பியும் பாக்கல.

அரை மணி நேரம் போச்சு. புலி மறுபடி எழுதினான், எட்டாயிரம்னான். கணக்கைத் தொறந்து பாத்தா, அதுக்குள்ள இன்னும் பதினொரு பேரு காசு போட்டிருக்காங்க. அந்தப் பதினொண்ணுல ஒண்ணு அக்காவா இருக்குமோன்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் அவ யோசிக்கல. அமுக்கிட்டா.

ஒரு சத்தமும் இல்ல, ஒண்ணுமில்ல. திரையில ஒரு வரி பச்சையிலருந்து செவப்பா மாறுச்சு, அவ்வளவுதான்.

குடையைக்கூட எடுக்காம நேரா ஏழாமக்கா கடைக்குப் போனா. வேற யாரோ சொல்லி அக்கா கேக்குறதுக்கு முன்னாடி தானே சொல்லிடணும்னு. ஈரத் தலையோட நின்னு எல்லாம் சொன்னா. தான் எழுதினது, தான் வித்தது, தான் நிறுத்தினது.

அக்கா கரண்டியைக் கீழ வெச்சா.

"நீ செஞ்சதா அது?"

"ஆமாக்கா."

"நாளைக்குத் தொறக்க இருந்ததை, நீ இன்னைக்குப் பூட்டிட்ட."

"அவன் தொறந்திருக்க மாட்டான்க்கா..."

"அவன் யாரு, எனக்கு அவனைத் தெரியாது. உன்னைத் தெரியும். மூணு மாசமா எம்பொண்ணு காசு அதுல கிடக்கு, நீ தெனமும் இங்க உக்காந்து என் சூப்பைக் குடிச்சிட்டுப் போன."

"எனக்கு இன்னைக்குக் காலையிலதான்..."

"போடி." அக்கா கத்தல. கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. "முதல்ல கடையை விட்டு எறங்கு."

புலி சொன்னதைச் செஞ்சான். சாயங்காலத்துக்குள்ள ஆடுறவங்க குரூப் பூரா தோவா கடைப் பேரு. திருடி, நாயே, உன் வீடு எங்கன்னு கண்டுபிடிக்கிறோம்னு அஞ்சாறு பாஷையில. தோவா தன் சொந்தப் பேர்லயே அதுக்குள்ள போயி எழுதினா. 'நிறுத்தினது நான்தான். உண்டியல்ல போட்டதுல பத்துக்கு ஆறு பங்குதான் மிச்சம் இருக்கு. ஏழு நாள் கழிச்சு இப்படி இப்படி எடுத்துக்கங்க.' படம் படமா போட்டுக் காட்டினா. நம்பினவங்க கொஞ்சம், வைஞ்சவங்க நிறைய. செவ்வாய்க்கிழமை சந்தைக்காரங்க அவ கடையை மூடினாங்க. அவங்க கேட்டது ஒரே கேள்வி. வித்த பொருள்ல உன் சாவி இருந்துச்சா இல்லையா? இருந்துச்சுன்னு எழுதினா.

லுவான் அவளைத் திட்டல. ஒரு விளம்பர போர்டு கம்பெனிக்குப் பெயின்ட் அடிக்கப் போகத் தொடங்கினான். ராத்திரி சோத்துக்கு முன்னாடி உக்காந்தா ஊரு விஷயம், மழை விஷயம் பேசுவான். வேற பேச மாட்டான்.

எட்டாம் நாளு தோவா சந்துக்குள்ள எறங்கினா. படத்தைப் பாத்துத் தானா எடுத்துக்கத் தெரியாதவங்க அங்கதானே இருக்காங்க. ஐஸ்காரன் ஃபோனைக் குடுத்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு. லாட்டரி மாமா சிரிக்கப் பாத்தாரு. "விடும்மா, நான் விக்கிற சீட்டுலயும் எவனுக்கும் விழறதில்ல"ன்னாரு. ஒவ்வொருத்தருக்கும் எடுத்துக் குடுத்தப்புறம் அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மீதி எங்க? அந்தப் புலிகிட்டன்னு தோவா சொன்னா. அவன்கிட்டயான்னு கேட்டுட்டு, அவ மூஞ்சியையே பாத்தாங்க.

கடைசியா ஏழாமக்கா கடை. மதியக் கூட்டம் போயிருந்துச்சு. அக்கா பொண்ணு பின்னாடி கிண்ணம் கழுவிக்கிட்டிருந்தா, நிமிரவே இல்ல. அக்கா ஃபோனை மேசை மேல வெச்சா, குடுக்கல, வெச்சா.

தோவா எடுத்தா.

"சத்தமா சொல்லு," அக்கா எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. "எதை அமுக்குறேன்னு ஒவ்வொண்ணா சத்தமா சொல்லிட்டு அமுக்கு. நான் பாக்கணும்."

"சரிக்கா."

"ம்."

"இப்போ வாலட்டைத் தொறக்குறேன்க்கா," தோவா சொன்னா. அக்கா கண்ணு அவ விரலை விட்டு நகரல. "இது உங்க பேரு. இது உங்க பங்கு, ரெண்டு கோடியே நாப்பது லட்சம். இப்போ எடுக்குறதுக்கான பட்டன். அமுக்கட்டுமா?"

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்க்கா. இப்போ நிஜமா வேணுமான்னு கேக்குது. ஆமான்னு அமுக்குறேன்."

குழாய்ல தண்ணி நின்னுச்சு. அக்கா பொண்ணு ஈரக்கையோட வந்து, அம்மா முதுகுக்குப் பின்னாடி நின்னு, அவளும் அந்த விரலைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.