இறக்குங்க

பட்டியில் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாள். மனைவி ஆட்டை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கணவன் தாடையைத் தூக்கிக் கடைவாயில் மருந்தை ஊற்றுவான். தலை ரொம்ப நிமிர்ந்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். அவசரத்தில் அவன் கை எப்போதும் மேலே ஏறிவிடும். "இறக்குங்க" என்பாள், இறக்குவான். இத்தனை வருஷமும் வேலை அப்படித்தான் ஓடியது.

ஆனால், அவளுடைய தம்பியை அவன் தண்டச்சோறு என்று சொன்னதிலிருந்து அவள் அவனிடம் பேசுவதில்லை. அவனும் வீம்புக்குப் பேசவில்லை. வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போட்டன.

சினை ஆட்டின் முறை வந்தபோது அவன் கை மேலே ஏறியது. அவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆடு இருமியது. மூக்கு வழியே மருந்து ஒழுகியது. அன்றிலிருந்து மூச்சு இரைத்துக்கொண்டே கிடந்த ஆடு, அந்த வாரமே செத்துப்போனது.

குழியை மூடிவிட்டு அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"என் கை ஏறினத நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"வாயத் திறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமதான் பேசிக்கிறதில்லையே."